மூன்றாவது வரிசை, ஏழாவது குரல்

"மூணாவது வரிசை... இடது பக்கத்துலேருந்து ஏழாவது ஆள். கொஞ்சம் ஷூவைக் கழட்டிடுங்க."

குரல் மட்டும்தான் வந்தது. ஆளைக் காணோம். மேடையோரம் நின்ற ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்தக் குரல், நூற்றுப் பன்னிரண்டு பேர் பாட அறுபது பேர் வாசிக்கிற கூட்டத்தில் ஒரே ஒருத்தியைப் பொறுக்கி எடுத்துவிட்டது.

எல்லாத் தலைகளும் திரும்பின. சிலர் விரல்விட்டு எண்ணவே ஆரம்பித்துவிட்டார்கள். ஐந்து, ஆறு, ஏழு... அவள்தான்.

அவள் என்ன செய்வாள், பாவம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலை வேலையை முடித்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கினால், மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஓடி வந்ததில் புது ஷூ தொப்பலாக நனைந்துவிட்டது. மரப்படியில் நின்று லேசாகக் காலை மாற்றினாலே 'கீச்' என்றது. இத்தனை சத்தத்தில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

குனிந்து ஷூவைக் கழற்றும்போது முகம் தகதகவென்று எரிந்தது. முன்னால் கோலசைத்துக் குழுவை நடத்துகிற மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் மேடம், அவளுடைய கூடப்பிறந்த அக்கா.

இந்தச் சேர்ந்திசைக் குழு அக்கா கட்டி எழுப்பியது. அதில் சேர இவள் மூன்று வருஷம் அலைந்தாள். கடைசியில் திரைக்குப் பின்னால் நின்று பாடி, யாரென்றே தெரியாமல் வேறு இரண்டு பேர் தேர்ந்தெடுத்து, ஆல்டோ என்கிற பெண்களின் கீழ்க்குரல் வரிசையில் இடம் கிடைத்தது. அப்படியும் முணுமுணுப்பு ஓயவில்லை. தங்கச்சியாம்... அப்புறம் என்ன, இடம் கிடைக்காமலா போகும்?

"வீட்லதான் நான் உனக்கு அக்கா. இங்க மேடம்," என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் அக்கா. "மத்தவங்க தப்புப் பண்ணா அது தப்பு. நீ பண்ணா, அது என் தலையில விழும். ஞாபகம் வச்சுக்க."

தப்புக்கும் அங்கே ஒரு முறை உண்டு. யார் தவறாகப் பாடினாலும் உடனே கையைத் தூக்கிவிட வேண்டும். 'நான்தான், எனக்குத் தெரிந்துவிட்டது, திருத்திக்கொள்கிறேன்' என்று அர்த்தம். தூக்கினால் ஒன்றும் இல்லை, மேடம் தலையாட்டிவிட்டு மேலே போய்விடுவார். தூக்காமல் ஒளித்தால்தான் வெளியே.

இடைவேளை விட்டதும், கையில் ஷூவோடு வெறுங்காலில் மேடைக்குப் பின்னால் போனாள். கேட்டே ஆக வேண்டும்.

ஒப்பனை அறையைத்தான் ஒலிப்பதிவு அறையாக மாற்றியிருந்தார்கள். சுவர்க் கண்ணாடிகளின்மேல் கனத்த போர்வைகள் தொங்கின. மேஜை முழுக்கக் குமிழ்களும் நெம்புகோல்களும். தரையெல்லாம் ஒயர், நடக்கிறவர் கால் தடுக்காமலிருக்க ஒவ்வொன்றையும் நாடா வைத்து ஒட்டியிருந்தது. ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தான்.

"நூறு பேர் முன்னாடி மானத்தை வாங்கினது நீங்கதானா?"

அவன் திரும்பினான். முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். பிறகு கையிலிருந்த ஷூவை. அப்புறம்தான் முகத்துக்கு வந்தான்... வந்தவன், வந்த காரியத்தை மறந்ததுபோல் அங்கேயே நின்றுவிட்டான்.

"மூணாவது வரிசையா?"

"எனக்குப் பேர் இருக்கு."

"எனக்கு உங்க ஷூதான் தெரியும். சாரிங்க. இங்க ஜன்னல் இல்ல. யார் முகமும் தெரியாது. காதுதான்."

மேஜையில் ஒரு பெரிய காகிதம் கிடந்தது. நூற்றுப் பன்னிரண்டு கட்டங்கள், ஒவ்வொரு பாடகர் நிற்கிற இடத்துக்கும் ஒன்று. மூன்றாவது வரிசை ஏழாவது கட்டத்தில் பென்சிலால் 'ஈர ஷூ' என்று எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டத்தில் 'மூக்குறிஞ்சல்'. இரண்டாவது வரிசையில் 'பக்கம் புரட்டுகிறார், சத்தம்'. அவளுக்கு வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாகிவிட்டது.

"மூக்கு உறிஞ்சினவங்களை மட்டும் விட்டுட்டீங்க?"

"அவங்களை எப்படிங்க கழட்டி வைக்கச் சொல்றது?"

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். பிரயோஜனமில்லை.

அப்போதுதான் அவன் அதைக் கேட்டான். "இவ்வளவு நேரம் பாடினீங்களே... எப்படி இருந்துச்சுன்னு கேட்டீங்களா?"

"கேக்காம எப்படிப் பாடுவேன்?"

"அது இல்ல. மொத்தமும்."

அவள் யோசித்தாள். வலப்பக்கத்து அம்மாவின் குரல் கேட்கும். இடப்பக்கத்து டீச்சரின் குரல் கேட்கும். பின்னாலிருந்து ஆண்களின் இரைச்சல் முதுகில் மோதும். தன் குரல் தலைக்குள் கேட்கும். மொத்தமும்? உள்ளே நிற்கிறவளுக்கு மொத்தமும் எப்படிக் கேட்கும்?

அவன் ஹெட்போனை நீட்டினான். மாட்டிக்கொண்டாள். சற்றுமுன் பதிவானதை ஓடவிட்டு, ஒரு நெம்புகோலை மெல்ல மேலே தள்ளினான்.

முதலில் ஒன்றுமில்லை. செல்லோ என்கிற பெரிய வயலின்கள் அடியில் எங்கோ புரண்டுகொண்டிருந்தன. பிறகு ஆண்கள், மிக மெதுவாக, தூரத்தில். அப்புறம் பெண்கள்... அப்புறம்... அது குரல் இல்லை. நூறு பேர் பாடுகிற பாட்டும் இல்லை. ஒரு மாபெரும் கதவு திறந்தது, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லத் தெரியும். பெரிய முரசு அதிர்ந்தபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது. ட்ரம்பெட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி நின்றபோது, மூச்சை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இறந்தவர்களுக்காக, இப்போது தானும் இல்லாத ஒருவர் எப்போதோ எழுதிய பாட்டு. ஒன்றரை மணி நேரம் இருட்டில் நடத்திவிட்டுக் கடைசியில் வெளிச்சத்தைக் கொண்டுவந்து முகத்தில் கொட்டுகிற பாட்டு. இதற்குள்ளா நான் நின்றுகொண்டிருந்தேன்? வெறுங்காலோடு, பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டு?

கண்ணில் நீர் கொட்டியது. வெட்கமாக இருந்தது. ஆனால் துடைக்கவில்லை.

நிமிர்ந்தபோது அவன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். ஹெட்போன் அவளிடம்தான் இருந்தது, அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் பாட்டின் எந்த இடத்தில் அவள் இருக்கிறாள் என்று சரியாகத் தெரிந்ததுபோல், முரசு வரும்போது அவன் இமை நடுங்கியது. நீளமான இமை. ஒரு ஆணுக்கு இவ்வளவு நீளமா எதற்கு என்று நினைத்தாள். நினைத்த மறு நொடியே ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் ஓடி வந்துவிட்டாள்.

மறுநாளும் மழை. பழைய செருப்பில் வந்தாள். மரப்படியில் ஏறும்போது, ஆல்டோ வரிசை முன்னால் மைக்கை நகர்த்திக்கொண்டிருந்தவன் அவள் காலைப் பார்த்தான். இவள் முறைத்தாள். அவன் குனிந்து இல்லாத முடிச்சு ஒன்றை அவிழ்க்கத் தொடங்கினான். வலப்பக்கத்து அம்மா, "என்னம்மா, சவுண்டுக்காரர் நம்ம பக்கமே மைக்கை இத்தனை தடவை நகர்த்துறாரு?" என்று கேட்டாள். இவளுக்குக் காது சிவந்தது.

இடைவேளையில் இருவரும் முகப்பு வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள். தற்செயல்தான். அவள் தேநீர்க் கோப்பையோடு அங்கே போனதும் தற்செயல், அவன் அதே நேரம் ஒயர் எடுக்க வண்டிக்குப் போக நினைத்ததும் தற்செயல். நம்புகிறவர்கள் நம்பலாம்.

"நீங்க பாடுவீங்களா?" என்று கேட்டாள்.

"கேட்டா பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"ஒரே ஒரு வரி."

"வேணாங்க. கேக்க மட்டும்தான் வரும் எனக்கு. சின்ன வயசுலேயே அப்படித்தான். அண்ணன்தான், கேக்குறதையே தொழிலா வச்சுக்கலாம்டான்னு சொன்னான். ரெண்டு பேருமா ஆரம்பிச்சோம். சின்னச் சின்னதாதான் பண்ணிட்டு இருந்தோம். இவ்வளவு பெருசு இதான் முதல் தடவை." கொஞ்சம் நிறுத்தினான். "ராத்திரி தூக்கம் வரலைங்க. தப்பா ஏதாவது ஆயிடுமோன்னு இல்ல. இவ்வளவு பெரிய விஷயம் நம்ம கையில ஒரு மூணு நாளைக்கு இருக்கேன்னு..."

அதே எண்ணம்தான் அவளுக்கும். அதை இன்னொருவர் வாயால் கேட்டபோது கையிலிருந்த கோப்பை ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

மூன்றாம் நாள். கடைசிப் பகுதி. ஐந்து மணிக்கு வாத்தியக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள், அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது.

அன்று என்ன ஆயிற்றோ, யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் களைப்பெல்லாம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. முதல் சுரத்திலேயே அக்காவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கோலைப் பிடித்த கை அக்காவுடையதாகவே இல்லை. யாரும் யாரையும் இழுக்கவில்லை, தள்ளவில்லை, எல்லோரும் ஒரே மூச்சில் ஏறினார்கள். கூரைவரை நிறைந்த அந்தப் பெரிய முழக்கம்... சட்டென்று அறுந்தது. பாட்டை எழுதியவர் அங்கே நான்கு எண்ணிக்கைக்கு மௌனம் வைத்திருந்தார். மௌனத்துக்கு அப்புறம்தான் வெளிச்சம்.

ஒன்று. முழக்கத்தின் எதிரொலி மேலே சுழன்றது. இரண்டு. மூன்று.

நான்கை எண்ணும் முன்பே அவள் வாய் திறந்துவிட்டது.

அரை நொடி இருக்கும். ஒரு சின்ன 'ஆ'. உடனே விழுங்கிவிட்டாள். அதற்குள் நூற்றுப் பன்னிரண்டு குரலும் வெடித்துக் கிளம்பின. முரசும் ட்ரம்பெட்டும் எல்லாவற்றையும் மூடின. பாட்டு முடிந்தபோது வயலின்காரர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். மௌனத்திலும் முழக்கம் காதை அடைத்திருந்ததால், அந்த 'ஆ' அக்காவுக்குக் கேட்டிருக்கவில்லை.

"இதான்," என்றாள் அக்கா. குரல் உடைந்தது. "இதுக்காகத்தான் ஒன்பது வருஷம்."

கையைத் தூக்கு. தூக்குடி. தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். கை ஈயமாகக் கனத்தது. அழுகிற முகத்தோடு நிற்கிற அக்காவிடம், கெடுத்தது உன் தங்கச்சி என்று எப்படிச் சொல்வது?

ஸ்பீக்கர் கரகரத்தது.

"மேடம்... மன்னிக்கணும். ஆல்டோ பக்க மைக்ல கோளாறு. எங்க தப்புதான். கடைசிப் பகுதி இன்னொரு தடவை வேணும்."

அரங்கம் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. "இதையெல்லாம் முன்னாடியே பார்த்துக்க மாட்டீங்களா?" என்று அக்கா வெடித்தாள். தங்கைக்குப் புரிந்துவிட்டது. மைக்குக்கு ஒரு கோளாறும் இல்லை. வேறு யாரோ செய்ததை ஒருவன் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான்.

பத்து நிமிஷம்தான் மிச்சம். மறுபடி பாடினார்கள். ஒரு பிசிறில்லை. ஆனால் முதல் தடவை வந்த அது போய்விட்டிருந்தது.

அடுத்த நான்கு நாளும் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை ஓடவில்லை. அங்கே ஒரு கட்டாயம் உண்டு. ரத்தக் குழாயில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டிவிட்டால், தெரிந்த அந்த நிமிஷமே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் யாருடைய நோய்க்கோ வேறு யாரோ மருந்து சாப்பிடுவார்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு முறை அவளே சொல்லியிருக்கிறாள், கொஞ்சமும் தயங்கவில்லை. இப்போது மட்டும் என்ன வந்தது?

ஐந்தாம் நாள் அந்த அண்ணன் தம்பியின் ஒலிப்பதிவுப் பட்டறைக்கே போனாள். அவன் இல்லை, அண்ணன்தான் இருந்தார். யார், என்ன என்று கேட்டுவிட்டு, பொதுவாகப் புலம்பினார்.

"வானொலி நிலையத்துல வருஷம் முழுக்க வர்ற கச்சேரியெல்லாம் பதிவு பண்ற வேலையை எங்களுக்குக் குடுக்கறதா இருந்தாங்கம்மா. உங்க மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்காங்க. மைக்கைக்கூட ஒழுங்கா வைக்கத் தெரியலன்னு அவங்க சொல்லிட்டாங்களாம். தம்பி வாயே திறக்க மாட்டேங்கறான். அவன் அப்படித் தப்புப் பண்ற ஆள் இல்லம்மா..."

உள்ளே நுழைந்தவன் அவளைப் பார்த்ததும் நின்றான். அண்ணன் அவன் முகத்தைப் பார்த்தார், இவள் முகத்தைப் பார்த்தார், திடீரென்று கடைக்குப் போகிற வேலை நினைவு வந்து வெளியேறினார்.

"யார் கேட்டா உங்களை?" என்றாள். நன்றி சொல்லத்தான் வந்திருந்தாள். வாயில் இதுதான் வந்தது.

"கேக்கலதான்."

"என் தப்பைத் தாங்க எனக்குத் தெரியாதா? நான் என்ன குழந்தையா?"

"முதல் நாள் வரிசை, நம்பரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன். அப்புறம் நீங்க உள்ள வந்தப்ப உங்க முகத்தைப் பார்த்தேன். ரெண்டாவது தடவை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரலைங்க."

"அதுக்காகப் பொய் சொல்வீங்களா?"

அவனுக்கும் சுருக்கென்றது. "நீங்க கையைத் தூக்கியிருந்தா, நான் பொய் சொல்லியிருக்க வேண்டாமே."

அடி வாங்கியதுபோல் இருந்தது. உண்மைதானே, அதனால்தான் அப்படி வலித்தது. திரும்பி நடந்தாள். அவன் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். வராததற்கும் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லோரும் அதே அரங்கத்தில் கூடினார்கள். பதிவைக் கேட்டு ஒப்புக்கொள்கிற நாள். வானொலி நிலையத்து அதிகாரி முன்வரிசையில் இருந்தார். அண்ணனும் தம்பியும் ஓரமாக நின்றார்கள். கடைசிப் பகுதியின் இரண்டாவது பதிவுதான் ஓடியது. நன்றாக இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேட்டவர்களில் யாரும் அழவில்லை.

அக்கா எழுந்தாள். "இதைத்தான் வெளியிடப் போறோம். இதைவிட நல்லா ஒண்ணு பாடினோம், உங்க எல்லாருக்கும் தெரியும். ஒரு மைக் கோளாறுல அது போச்சு. இனி இவங்களை வச்சு..."

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

அக்கா பாதியில் நிறுத்தினாள். "என்ன?"

"மைக் கோளாறு இல்ல மேடம்." எழுந்து நின்றாள். "மௌனத்துல முந்திட்டேன். நான்தான். அன்னைக்கே கையைத் தூக்கியிருக்கணும். பயந்துட்டேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது, அவ்வளவுதான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. முணுமுணுக்கிறவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. அக்கா தம்பிக்காரனைப் பார்த்தாள். "உண்மையா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதுவே பதில்.

"அடுத்த ஒரு வருஷத்துக்கு நீ பாட வேண்டாம்," என்றாள் மேடம். "அப்புறம் திரைக்குப் பின்னாடி நின்னு மறுபடி பாடிக் காட்டலாம், புதுசா வர்ற யாரையும் மாதிரி." பிறகு வானொலி அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "இவரோட மைக் சரியாதான் இருந்திருக்கு. எனக்கே கேக்காதது இவருக்குக் கேட்டிருக்கு. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். இதைவிட நல்ல காது உங்களுக்குக் கிடைக்காது."

இறங்கிப் போகையில் அக்கா அவள் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். தோளை அழுத்தினாள். "வீட்டுக்குப் போய் அழலாம்," என்று மெதுவாகச் சொன்னாள். அந்த நொடி மட்டும் அவள் மேடம் இல்லை.

முகப்பு வாசலில் வந்து நின்றாள். மழை விட்டிருந்தது. மூன்று வருஷம் அலைந்து கிடைத்த இடம், இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. மனசு கழுவிவிட்டதுபோல் லேசாக இருந்தது.

பின்னால் மூச்சு வாங்க ஓடிவந்தான். "ஏன்ங்க சொன்னீங்க? ஒரு வருஷம்..."

"நீங்கதானே கை தூக்கியிருக்கலாம்னு சொன்னீங்க."

"கோவத்துல சொன்னதுங்க அது." தலையைக் கோதிக்கொண்டான். என்னவோ சொல்லத் தவித்தான். "அந்த முதல் பதிவு எங்கிட்டதான் இருக்கு. அதுலேருந்து உங்க குரலை எடுத்துட முடியுமான்னு உக்காந்து பார்த்தேன். முடியல. எதிரொலிக்குள்ள கலந்திருக்கு. அந்த நாலு எண்ணிக்கையை ஒரு நாப்பது தடவை கேட்டிருப்பேன்... முதல் பத்து தடவை வேலைக்காகக் கேட்டேன்."

"மிச்ச முப்பது?"

அவன் காதுவரை சிவந்து, ஈரத் தரையைப் பார்த்தான். இவ்வளவு நீளமான இமையை வைத்துக்கொண்டு கீழே பார்த்தால் ஒருத்தி என்னதான் செய்வாள்?

"ஏன் முந்தினேன்னு யாருமே கேக்கல," என்றாள்.

"ஏன்?"

"எண்ணிட்டுதான் இருந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு... அப்ப நினைச்சேன், நீங்க அந்த ரூம்ல கண்ணை மூடிட்டு இதைக் கேட்டுட்டு இருப்பீங்கன்னு. எல்லாரும் மேல இருக்கிற யாருக்கோ பாடினாங்க. நான் உங்களுக்குப் பாடினேன். எண்ணிக்கை போயிடுச்சு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். நெடுநேரம் திறக்கவில்லை.

"என்ன... கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு," என்றான். "இன்னொரு தடவை வேணும்."

"ஏன், மைக்ல கோளாறா?"

"இல்லைங்க. எனக்காகத்தான்."

அவள் சிரித்தாள். பிறகு மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அவள் அவசரப்படவில்லை.